ஈ-கேடெரின்: உயிரணுக்களை ஒட்டி நிறுத்தும் புரதத்தின் வரலாறு

ஈ-கேடெரின் என்பது ஓர் உயிரணுவைப் பக்கத்து உயிரணுவோடு ஒட்டி நிறுத்தும் புரதம் ஆகும். மனித உடலில் இப்புரதத்தை உருவாக்கும் மரபணு சிடிஎச்1 எனப்படுகிறது. இது 16ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் அமைந்துள்ளது. தோல், குடல், இரைப்பை, மார்பகப் பால் நாளங்கள் முதலியவற்றைப் போர்த்தியிருக்கும் எபிதீலியத் திசுக்களில் இப்புரதம் மிகுதியாகக் காணப்படுகிறது. பெயரின் முன்னுள்ள 'ஈ' என்னும் எழுத்து இந்தத் திசுவின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தாகும்.

இப்புரதத்தைத் தேடியவர்கள் நோய் எதையும் மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை. கடற்பஞ்சு, தவளைக் கரு, சுண்டெலிக் கரு ஆகியவற்றின் உயிரணுக்கள் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்பதே அவர்களின் கேள்வி. அதே காலத்தில் நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பம் வேறொரு கேள்வியோடு வாழ்ந்துவந்தது: தலைமுறை தலைமுறையாக எங்கள் இளையோர் ஏன் இரைப்பைப் புற்றுநோயால் இறக்கிறார்கள்? 1998இல் இரண்டு கேள்விகளும் ஒரே மரபணுவில் வந்து சேர்ந்தன.

பிரிந்த உயிரணுக்கள் மீண்டும் சேர்தல்

1907ஆம் ஆண்டு அமெரிக்க விலங்கியலாளர் ஹென்றி வில்சன், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றைத் துண்டுகளாக்கி மெல்லிய பட்டுத் துணியின் வழியே பிழிந்தார். துணியின் கண்கள் வழியே தனித்தனி உயிரணுக்களும் சிறு கூட்டங்களும் நீரில் விழுந்தன. அவை சிதறியே கிடக்கவில்லை. நகர்ந்து, தொட்டு, ஒன்றுசேர்ந்து, நாளடைவில் மீண்டும் கடற்பஞ்சாக வளர்ந்தன. உயிரணுக்களுக்குத் தமக்குள் பற்றிக்கொள்ளும் ஆற்றல் உண்டு என்பதற்கு இது கண்ணால் காணத்தக்க சான்றாக அமைந்தது.

முதுகெலும்பிகளிலும் இவ்வாற்றல் உண்டா என்பதை யோகன்னஸ் ஹோல்ட்ஃப்ரேட்டர் ஆராய்ந்தார். ஜெர்மனியில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய அவர், பிலிப் டவுன்சுடன் இணைந்து 1955இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். இருவாழ்விகளின் கருக்களைக் காரத்தன்மை கூடிய கரைசலில் இட்டு உயிரணுக்களைப் பிரித்து, வெவ்வேறு திசுக்களைச் சேர்ந்தவற்றை ஒன்றாகக் கலந்தனர். கலவையில் இருந்த உயிரணுக்கள் தம் இனத்தைத் தேடிப் பிரிந்தன. தோலாக வேண்டியவை வெளிப்புறம் சென்றன; நரம்பாக வேண்டியவை உட்புறம் திரண்டன. ஒவ்வொரு வகை உயிரணுவுக்கும் தன் வகையை அடையாளம் காணும் வழி ஒன்று இருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. அந்த வழி எந்த மூலக்கூறு என்பது மட்டும் விளங்கவில்லை.

டிரிப்சினும் கால்சியமும்

விடையின் முதல் நுனி ஒரு கரைசலின் வேறுபாட்டில் கிடைத்தது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாத்தோஷி தகெய்ச்சி, 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறைக்குச் சென்றார. திசுவிலிருந்து உயிரணுக்களைப் பிரிக்க டிரிப்சின் என்னும் நொதியைப் பயன்படுத்துவது வழக்கம். கியோட்டோவில் இப்படிப் பிரித்த உயிரணுக்கள் சிறிது நேரத்தில் மீண்டும் ஒட்டிக்கொண்டன. பால்டிமோரில் அதே முறையில் பிரித்தவை ஒட்ட மறுத்தன.

காரணத்தைத் தேடியபோது, பால்டிமோர் ஆய்வகத்தின் டிரிப்சின் கரைசலில் ஈடிடிஏ என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரைசலில் வேறெதற்கும் கால்சியம் கிடைக்காது. இதிலிருந்து தகெய்ச்சி ஒரு முடிவுக்கு வந்தார். உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டும் புரதம் ஒன்று உள்ளது. கால்சியம் இருக்கும்போது டிரிப்சினால் அதை வெட்ட முடியாது. கால்சியம் நீங்கியதும் அது வெட்டுண்டு அழிந்துவிடும். ஒட்டுவதற்கும் அப்புரதத்துக்குக் கால்சியம் தேவை. கால்சியத்தைச் சாராமல் ஒட்டும் மற்றொரு முறையும் உயிரணுக்களில் உண்டு என்பதை அவர் பிரித்துக் காட்டினார். இந்த முடிவுகள் 1977இல் வெளிவந்தன.

கால்சியம் உடனிருக்கும்போது டிரிப்சினுக்குத் தப்பும் புரதம் எது என்று தேடுவது இப்போது எளிதாயிற்று. தகெய்ச்சியின் குழுவினர் சுண்டெலியின் கருப்புற்று உயிரணுக்களில் அதை அடையாளம் கண்டு, அதன்மேல் பற்றும் எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். எதிர்ப்பொருளைச் சேர்த்தால் உயிரணுக்கள் பிடியைத் தளர்த்திப் பிரிந்தன. 1984இல் அப்புரதத்துக்குக் 'கேடெரின்' என்று பெயரிட்டனர். கால்சியத்தையும் ஒட்டுதலையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்து உருவாக்கிய பெயர் இது.

ஒரே புரதம், பல பெயர்கள்

இதே காலத்தில் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜேக்கப்பின் ஆய்வகம் வேறு வழியில் அதே இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சுண்டெலியின் கரு எட்டு உயிரணு நிலையை அடையும்வரை அதன் உயிரணுக்கள் உருண்டை உருண்டையாகத் தளர்ந்து கிடக்கும். பின்னர் அவை தட்டையாகி நெருங்கி, இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இறுக்கமடைதல் எனப்படும் இந்நிலை நிகழாவிட்டால் கரு மேற்கொண்டு வளராது. 1977இல் ரோல்ஃப் கெம்லரும் ஜேக்கப் குழுவினரும், கருப்புற்று உயிரணுக்களுக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் இந்த இறுக்கத்தைத் தடுப்பதைக் கண்டனர். எதிர்ப்பொருளை நீக்கியதும் கரு மீண்டும் இறுகியது.

எதிர்ப்பொருள் பற்றிய புரதத்துக்கு அவர்கள் யுவோமோருலின் என்று பெயரிட்டனர். மல்பெரிக் கனி போலத் தோன்றும் தொடக்கநிலைக் கருவை மோருலா என்று அழைப்பர். பெயரின் பிற்பகுதி அதிலிருந்து வந்தது.

வேறு ஆய்வகங்களிலும் இப்புரதம் தட்டுப்பட்டது. நியூயார்க்கில் ஜெரால்ட் எடல்மன் குழுவினர் கோழிக் கருவின் கல்லீரலில் கண்டதை எல்-கேம் என்றனர். ஜெர்மனியில் வால்டர் பிர்ச்மையர் குழுவினர் நாயின் சிறுநீரக உயிரணுக்களில் கண்டதை ஆர்க்-1 என்றனர். கரோலின் டாம்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் மனித மார்பகப் புற்று உயிரணுக்களிலிருந்து பிரித்ததை செல்-கேம் 120/80 என்றனர். மரபணு வரிசைகள் படிக்கப்பட்ட பின்னரே, இவையெல்லாம் ஒரே புரதம் அல்லது வெவ்வேறு விலங்குகளில் அதற்கு நிகரான புரதம் என்பது உறுதியாயிற்று. தகெய்ச்சி இட்ட கேடெரின் என்ற பெயரே நிலைத்தது. நரம்புத் திசுவில் என்-கேடெரின், நச்சுக்கொடியில் பி-கேடெரின் என்று உறவுப் புரதங்களும் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டதால், இது ஒரு பெரிய குடும்பத்தின் பெயராகவும் ஆனது.

ஒட்டும் வேலையைச் செய்வது இப்புரதமே என்பதற்கு நேரடிச் சான்று 1987இல் கிடைத்தது. எல் உயிரணுக்கள் எனப்படும் சுண்டெலி உயிரணுக்களில் கேடெரின் இல்லை. அவை ஆய்வுத் தட்டில் சிதறியே வளரும். தகெய்ச்சியின் ஆய்வகத்தினர் ஈ-கேடெரினை உருவாக்கும் டி.என்.ஏ.வை அவற்றுள் செலுத்தியதும் அவை நெருங்கி ஒட்டிக்கொண்டன. அடுத்த ஆண்டு, ஈ-கேடெரின் பெற்ற உயிரணுக்களையும் பி-கேடெரின் பெற்றவற்றையும் கலந்தபோது, ஒவ்வொரு வகையும் தன் வகையோடு மட்டும் கூடிப் பிரிந்தது. 1955இல் ஹோல்ட்ஃப்ரேட்டரும் டவுன்சும் கருக்களில் கண்ட காட்சியை இப்போது ஒரே ஒரு புரதத்தை மாற்றி உருவாக்க முடிந்தது.

புரதத்தின் அமைப்பும் செயலும்

மனித சிடிஎச்1 மரபணு ஏறத்தாழ 1,00,000 டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுடையது. புரதத்துக்கான செய்தி அதில் 16 எக்சான்களாகப் பிரிந்து கிடக்கிறது. முதலில் உருவாகும் முன்புரதத்தில் 882 அமினோ அமிலங்கள் உள்ளன. முன்பகுதி வெட்டப்பட்ட பிறகு, ஏறத்தாழ 120 கிலோடால்டன் எடையுள்ள முதிர்ந்த புரதம் உயிரணுவின் மேற்பரப்பை அடைகிறது.

முதிர்ந்த புரதம் மூன்று பகுதிகளை உடையது.

வெளிப்பகுதி: ஒன்றைப் போலவே ஒன்று அமைந்த ஐந்து கண்ணிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணிகளின் இணைப்பிடங்களில் கால்சியம் அமர்ந்து அந்த வரிசையை விறைப்பாக வைத்திருக்கிறது. கால்சியம் நீங்கினால் வரிசை தளர்ந்துவிடும். டிரிப்சின் அதை வெட்டுவதும் அப்போதுதான். நுனியிலுள்ள கண்ணி, எதிர் உயிரணுவின் ஈ-கேடெரின் நுனியைப் பற்றிக்கொள்கிறது.

சவ்வைக் கடக்கும் பகுதி: புரதத்தை உயிரணுச் சவ்வில் பொருத்தி வைக்கிறது.

உட்பகுதி: உயிரணுவுக்குள் நீண்டு பிற புரதங்களைப் பிடிக்கிறது. இப்புரதங்களைக் கெம்லரின் குழுவினர் 1989இல் கண்டறிந்து, சங்கிலி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு கேட்டனின்கள் என்று பெயரிட்டனர். பீட்டா-கேட்டனின் ஈ-கேடெரினைப் பிடிக்க, ஆல்ஃபா-கேட்டனின் அதை உயிரணுவின் ஆக்டின் இழைகளோடு இணைக்கிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஒட்டுதல் வலுவிழக்கும்.

1994இல் ஈ-கேடெரின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் கருக்கள் ஆராயப்பட்டன. தாயின் முட்டையிலிருந்து வந்த புரதம் தீரும்வரை அவை வளர்ந்தன. அதன் பிறகு வெளிப்புற உறையை அமைக்க முடியாமல், கருப்பையில் பதியும் கட்டத்திலேயே அழிந்தன.

புற்றுநோயோடு தொடர்பு

புற்று உயிரணுக்களின் ஒட்டும் தன்மை குறைவு என்பது மூலக்கூறு தெரிவதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1944இல் அமெரிக்க நோயியலாளர் டேல் கோமன், நுண்ணூசிகளால் உயிரணு இணைகளை இழுத்துப் பிரித்து, புற்று உயிரணுக்கள் இயல்பானவற்றைவிட எளிதாகப் பிரிவதை அளந்து காட்டியிருந்தார்.

1980களின் இறுதியில் பிர்ச்மையரின் குழுவினர், எபிதீலிய உயிரணுக்களின் ஈ-கேடெரினை எதிர்ப்பொருளால் தடுத்தால் அவை அடுத்த திசுவுக்குள் ஊடுருவத் தொடங்குவதைக் கண்டனர். 1991இல் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. ஊடுருவும் புற்று உயிரணுக்களுக்கு ஈ-கேடெரினைத் திரும்பக் கொடுத்தால் ஊடுருவல் நின்றது.

இரைப்பைப் புற்றுநோயை ஃபின்லாந்து நோயியலாளர் பெக்கா லாரன் 1965இல் இரண்டு வகைகளாகப் பிரித்திருந்தார். குடல்வகையில் உயிரணுக்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாக வளரும். பரவல்வகையில் அவை தனித்தனியாக இரைப்பைச் சுவருக்குள் சிதறிப் பரவும். இவ்வகையில் கட்டி என்று கண்ணுக்குத் தெரிவது எதுவும் இல்லாமலேயே நோய் முற்றிவிடக்கூடும். 1994இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் பரவல்வகைப் புற்றுகளில் சிடிஎச்1 மரபணு பிறழ்ந்திருப்பதைக் கண்டறிந்தனர். மார்பகப் புற்றுநோயிலும் உயிரணுக்கள் தனித்தனி வரிசையாகப் பரவும் மடல்வகையில் இதே மரபணு பழுதுபட்டிருப்பது 1995இல் தெரிந்தது. இவை நோயாளியின் புற்றுத் திசுவில் வாழ்நாளில் ஏற்பட்ட பிறழ்வுகள். பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வரும் பிறழ்வாகவும் இது இருக்கக்கூடும் என்பது அப்போது எவருக்கும் தெரியவில்லை.

நியூசிலாந்துக் குடும்பம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள ஒரு பெரிய மாவோரிக் குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் தொடர்ந்து தோன்றுவது பற்றி 1964இலேயே ஒரு மருத்துவக் கட்டுரை வெளிவந்திருந்தது. காரணம் தெரியாமலேயே அதன் பிறகும் முப்பது ஆண்டுகள் கழிந்தன. அக்குடும்பத்தில் நோய் கண்டவர்களில் பலர் நாற்பது வயதைத் தாண்டவில்லை. வயிற்றில் வலி தெரியும்போதே நோய் முற்றியிருக்கும்.

1990களில் குடும்பத்தினரே முன்வந்து டுனிடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் மரபியலாளர்களை நாடினர். ஆய்வாளர்கள் நோயாளிகளைத் தேடிச் செல்லவில்லை. கேள்வியோடு வந்தது குடும்பம். தலைமுறை வரிசைகளை நினைவில் காத்துவைப்பது மாவோரி மரபு. யார் யாருக்குப் பிறந்தவர், யார் எதனால் இறந்தார் என்ற விவரங்கள் கொண்டு பெரியதொரு குடும்ப வரைபடம் உருவானது. பலர் குருதி மாதிரிகளை அளித்தனர்.

நோயுற்றவர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் டி.என்.ஏ. பகுதி எது என்று பாரி கில்ஃபோர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தேடினர். அது 16ஆம் குரோமோசோமில், சிடிஎச்1 மரபணுவைச் சுற்றிய பகுதியைச் சுட்டியது. பெயர் தெரியாத மரபணுவாக இருந்திருந்தால் அதன் வேலையைக் கண்டறியவே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் ஈ-கேடெரின் என்ன செய்கிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் கியோட்டோவிலும் பாரிசிலும் ஜெர்மனியிலும் முன்பே தெளிவாகியிருந்தன. மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, 7ஆம் எக்சான் முடியும் இடத்தில் ஜி என்ற எழுத்துக்குப் பதிலாக டி என்ற எழுத்து இருந்தது. ஆர்.என்.ஏ. வெட்டி இணைக்கப்படும் இடம் அது. அந்த ஓர் எழுத்து மாறியதால் புரதம் பாதியில் முறிந்துவிட்டது.

மேலும் இரண்டு குடும்பங்களிலும் சிடிஎச்1 மரபணுவில் வேறு வேறு இடங்களில் பிறழ்வுகள் காணப்பட்டன. 1998 மார்ச் மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, குடும்பவழி இரைப்பைப் புற்றுநோய்க்கு மூலக்கூறு அளவில் காரணம் காட்டிய முதல் ஆய்வாகும். மாவோரிக் குடும்பத்தின் உறுப்பினர்களும் அக்கட்டுரையின் ஆசிரியர்களாக இடம்பெற்றனர். இந்நோய் இன்று மரபுவழிப் பரவல்வகை இரைப்பைப் புற்றுநோய் எனப்படுகிறது.

விடை தந்த புதிய கேள்வி

ஒவ்வொருவருக்கும் சிடிஎச்1 மரபணுவின் இரண்டு படிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பிறழ்ந்த படியை உடைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ளது. பிறழ்ந்த படியைப் பெற்றவர் இயல்பாகவே வளர்கிறார், ஏனெனில் நல்ல படி போதிய ஈ-கேடெரினைத் தருகிறது. இரைப்பையின் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த நல்ல படியும் செயலிழந்தால் அங்கே நோய் தொடங்குகிறது.

குருதிப் பரிசோதனை வந்ததும் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அச்சம் நீங்கியது. மறுபாதிக்குக் கடினமான முடிவு காத்திருந்தது. பரவல்வகைப் புற்று இரைப்பையின் உட்பரப்புக்குக் கீழே ஒளிந்திருப்பதால், உள்நோக்கிக் கருவியால் அதைத் தவறவிட வாய்ப்புண்டு. ஆகவே நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் இரைப்பை முழுவதையும் முன்கூட்டியே அகற்றும் அறுவை மருத்துவம் பரிந்துரைக்கப்பட்டது. அப்படி அகற்றிய இரைப்பைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நலமாக இருப்பதாக எண்ணிய பலரின் இரைப்பையிலும் முத்திரை மோதிரம் போன்ற வடிவுடைய புற்று உயிரணுக்கள் சிறுசிறு கூட்டங்களாக ஏற்கெனவே இருந்தன.

இரைப்பை அகற்றப்பட்டவரின் உணவுக்குழாய் நேரடியாகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. அவர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணவேண்டும். உடல் எடை குறையும். வைட்டமின் பி12ஐ வாழ்நாள் முழுவதும் மருந்தாகப் பெறவேண்டும். இவ்வளவையும் நோய் வருவதற்கு முன்பே ஏற்பதா என்பது ஒவ்வொருவரும் தாமே எடுக்கவேண்டிய முடிவாயிற்று.

தொடக்கத்தில் ஆராயப்பட்டவை நோய் மிகுந்த குடும்பங்கள் என்பதால், பிறழ்வு உடையோரில் பெரும்பாலோருக்குப் புற்று வரும் என்று கணக்கிடப்பட்டது. 2019இல் கூடுதல் குடும்பங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று, வாழ்நாள் இடர் ஆண்களுக்கு ஏறத்தாழ 42 விழுக்காடு, பெண்களுக்கு ஏறத்தாழ 33 விழுக்காடு என்று காட்டியது. பெண்களுக்கு மடல்வகை மார்பகப் புற்றுநோய்க்கான இடரும் உண்டு. இன்று அறுவை மருத்துவத்தை உடனே விரும்பாதவர்கள், வல்லுநர்களிடம் ஆண்டுதோறும் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ளும் வழியும் உள்ளது. சிடிஎச்1 பிறழ்வு இல்லாத சில குடும்பங்களில், சங்கிலியின் அடுத்த கண்ணியான ஆல்ஃபா-கேட்டனினின் மரபணு பழுதுபட்டிருப்பது 2013இல் கண்டறியப்பட்டது.

நுண்ணுயிருக்கு ஒரு வாசல்

ஈ-கேடெரினுக்கு எதிர்பாராத மற்றொரு பங்கும் உண்டு. மாசுபட்ட உணவின் வழியே பரவும் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா, குடல் உயிரணுக்களுக்குள் நுழைய இப்புரதத்தையே பிடியாகக் கொள்கிறது என்பதைப் பாஸ்டர் நிறுவனத்தின் பாஸ்கல் கோசார் குழுவினர் 1996இல் காட்டினர். மனித ஈ-கேடெரினின் 16ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் உள்ளது. சுண்டெலியில் அவ்விடத்தில் குளுட்டாமிக் அமிலம் உள்ளது. அந்த ஒரு மாற்றத்தால் பாக்டீரியாவால் சுண்டெலியின் புரதத்தைப் பிடிக்க முடிவதில்லை. வாய்வழி வரும் இத்தொற்றைச் சுண்டெலிகள் பெருமளவு தாங்கிக்கொள்வது ஏன் என்பதும் இதனால் விளங்கியது.

அறிந்தேற்பு

தகெய்ச்சி 2005இல் ஜப்பான் பரிசைப் பெற்றார். கேடெரின்களையும் கேட்டனின்களையும் கண்டறிந்தமைக்காக 2020ஆம் ஆண்டின் கனடாவின் கெயர்ட்னர் பன்னாட்டு விருது தகெய்ச்சிக்கும் கெம்லருக்கும் வழங்கப்பட்டது. டிரிப்சின் கரைசலையும் எட்டு உயிரணுக் கருவையும் இவர்கள் ஆராய்ந்த 1977இல், நியூசிலாந்துக் குடும்பத்தின் நோய்க்குப் பெயர்கூட இல்லை. 1990களில் அந்தக் குடும்பம் தன் கேள்வியோடு வந்தபோது, விடையின் பெரும்பகுதி ஆய்வேடுகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.